அறிகுறி இல்லாத தொற்றை வீடற்றோர் காப்பகத்தில் கையாளும் முறை

காப்பகத்தின் வாசலில் ஒருவர் வெப்பமானியுடன் நின்று, இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டு உள்ளே அனுப்புவது வேண்டாத வேலை அன்று. ஆனால் அதை மட்டும் நம்பி இரவில் விளக்கை அணைத்துவிடக் கூடாது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் பாஸ்டன் நகரின் பெரிய காப்பகம் ஒன்றில், சில நாள்களுக்குள் அடுத்தடுத்துப் பலருக்குக் கொரோனா உறுதியானதால், அறிகுறி இருக்கிறதா என்று பாராமல் தங்கியிருந்த 408 பேருக்குப் பிசிஆர் பரிசோதனை செய்தார்கள். 147 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் காய்ச்சல் இருந்தவர் ஒரே ஒருவர். ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் தமக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்றார்கள்.

ஆகவே, உள்ளே வரும் எவரிடமும் தொற்று இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே கூடத்தை அமைக்க வேண்டும். கட்டில்களுக்கிடையே ஆறடி இடைவெளி விட்டு, அந்த அளவைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வையுங்கள். கோடு இல்லையென்றால் கூட்டம் மிகுந்த குளிர்கால இரவொன்றில் கட்டில்கள் தாமாகவே நெருங்கிவிடும். ஒருவர் தலை வைக்கும் பக்கம் அடுத்தவரின் கால் இருக்குமாறு படுக்கச் செய்வது செலவே இல்லாத ஏற்பாடு.

என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தை முதலில் காற்றோட்டத்துக்குத்தான் செலவிடுவேன். மின்விசிறி உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுகிறது; அதை வெளியேற்றுவதில்லை. ஒரு சன்னலில் காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் பொருத்தி, எதிர்ப்புறச் சன்னலைத் திறந்து வைத்து, நடுவே ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள்: புகை விசிறியை நோக்கிச் சாய்ந்து போனால் ஏற்பாடு சரி, அங்கேயே மிதந்து நின்றால் அந்த மூலையில் கட்டில் போடாதீர்கள். அறிகுறி காட்டாமலே பலரிடம் இருக்கக்கூடிய காசநோய்க்கும் இது பயன்படும்.

முதல் நோயாளி தெரியவந்ததும், இருமுகிறவர்களை மட்டும் தேடிக்கொண்டிராமல், தங்குவோர், சமையல்காரர், இரவுக் காவலர் உட்பட அனைவரையும் சோதிக்க வேண்டும். கொரோனா தொற்றியவர் அறிகுறி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடலாம் என்பதாலும், நேற்றுத் தொற்றியவருக்கு இன்று முடிவு எதிர்மறையாகவே வரலாம் என்பதாலும், ஒருமுறை சோதித்துவிட்டு நிம்மதி அடையாமல், இரண்டு வாரங்களுக்குப் புதிய நோயாளி எவரும் இல்லை என்று ஆகும் வரை வாரந்தோறும் திரும்பச் சோதியுங்கள். ஊழியர் ஒருவரே இரண்டு காப்பகங்களில் மாறி மாறி வேலை செய்வதை அந்த நாள்களில் நிறுத்தி வையுங்கள். வீட்டில் இருக்கும் நாளுக்கும் அவருக்குச் சம்பளம் கிடைத்தால்தான் உண்மையைச் சொல்வார்.

பரிசோதனைக்கு முன்பே தனியறை எங்கே என்பது முடிவாகியிருக்க வேண்டும். உடம்பில் ஒன்றும் தெரியாத ஒருவரிடம் பல நாள் தனியே இரு என்பது எளிதன்று. படுக்கை பறிபோகும், மூட்டை காணாமல் போகும், சிகரெட் கிடைக்காது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை நின்றுபோகும் என்ற அச்சங்களே அவரைப் பின்வாசல் வழியாக வெளியேற்றுகின்றன. மூட்டையை அவர் கண்முன்னே கட்டி, கட்டில் எண்ணை எழுதிய சீட்டைத் தொங்கவிட்டு, அதன் மறுபாதியை அவர் கையில் கொடுத்த பிறகு அழைத்துச் செல்லுங்கள்.