பழைய வாராக்கடன் பதிவு நீங்கிய பிறகு புதிய கடனுக்கு விண்ணப்பிக்கும் முறை

சிபில் (நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் நிறுவனம்) அறிக்கையில் பல ஆண்டுகளாக நின்றிருந்த வாராக்கடன் பதிவு நீங்கிவிட்டது என்று தெரிந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், அன்றைக்கே ஒரு தனிநபர் கடனுக்கோ கிரெடிட் கார்டுக்கோ விண்ணப்பித்துவிடுவதுதான். அதைச் சிறிது காலம் தள்ளிப்போடுவதே நல்லது. அந்தப் பதிவு எந்த விதத்தில் நீங்கியது, எங்கெல்லாம் நீங்கியது என்பதைப் பொறுத்தே அடுத்த விண்ணப்பத்தின் கதி அமையும்.

வாங்காத கடன் உங்கள் பான் எண்ணில் ஏறியிருந்து, வங்கி அதை ஒப்புக்கொண்டு நீக்கியிருந்தால், அந்தக் கணக்கே அறிக்கையிலிருந்து மறைந்துவிடும். உண்மையில் வாங்கிய கடனைத் தாமதமாகவேனும் முழுவதுமாக அடைத்திருந்தால், கணக்கின் நிலை ‘குளோஸ்டு’ என்று மாறி நிலுவை பூஜ்யமாகுமே தவிர, முந்தைய மாதங்களின் தாமதக் குறிப்புகள் அப்படியே இருக்கும். வங்கியோடு பேசிக் குறைத்துக் கட்டியிருந்தாலோ ‘செட்டில்டு’ என்ற குறிப்பு நிற்கும்; புதிதாகக் கடன் கொடுப்பவர் அதைத் தீர்ந்த கடனாகக் கருதமாட்டார். கையில் பணம் இருந்தால், அன்று தள்ளுபடியான மீதியைக் கட்ட முன்வருவதாக எழுதிக் கொடுத்து, நிலையை ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தருமாறு அந்த வங்கியையே கேட்பது பயன் தரும். மேலும், சமரசத் தீர்வு செய்துகொண்டவருக்கு அதே நிறுவனம் மீண்டும் கடன் தருவதற்கு முன், விவசாயக் கடன் நீங்கலாக, குறைந்தது 12 மாத இடைவெளி வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் வகுத்திருக்கிறது.

அடுத்தது, நான்கு அறிக்கைகளையும் எடுத்துப் பார்ப்பது. சிபிலைத் தவிர எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நிறுவனங்களும் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. விண்ணப்பிக்கும் வங்கி இவற்றில் எதைப் புரட்டும் என்பது நமக்குத் தெரியாது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. மேலே தெரியும் மூன்றிலக்க மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கணக்கின் கீழும் மாதவாரியாக உள்ள கட்டங்கள் வரை இறங்கிப் பார்க்க வேண்டும். ‘000’ என்றிருந்தால் அந்த மாதம் தாமதம் இல்லை. ‘060’ என்றிருந்தால் 60 நாள் பாக்கி. வங்கி உங்கள் கடனைச் வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றிருந்தால், ஒரே கடன் இரண்டு பெயர்களில் இரண்டு வரிகளாக நிற்பதுண்டு. வங்கியின் வரி சரியாகி, வாங்கியவரின் வரி பாக்கியோடு தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் விண்ணப்பித்தால் நிராகரிப்பு ஏறக்குறைய உறுதி. தலைப்பெழுத்தோடு ஓரிடத்திலும், தந்தை பெயரை விரித்து வேறிடத்திலும் பெயர் பதிவான நம்மவர்கள், அதே பெயருடைய வேறொருவரின் கணக்கு கலந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. கல்விக்கடனில் பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகவோ, வேறு கடனில் உறவினர் ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால், அவர்களுடைய அறிக்கையையும் தனியே எடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

எங்கேனும் பழைய பதிவு மிஞ்சியிருந்தால், கடன் தீர்வுச் சான்றிதழ், கடைசித் தொகை கட்டிய ரசீது, கணக்கு அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைத்து அந்தந்த நிறுவனத்தில் புகார் பதிய வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால் அதற்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பிறகும் நகராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு ‘சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் போக வேண்டியதில்லை. கடன் கொடுத்தவர் உறுதிசெய்யாமல் எந்தப் பதிவும் மாறாது. அந்தக் கோரிக்கையை நாமே இலவசமாக அனுப்பலாம்.

பதிவு நீங்கியதும் மதிப்பெண் தாவி ஏறும் என்று எதிர்பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். நீங்கியது ஒன்றே உங்கள் பெயரிலிருந்த கணக்கு என்றால், அறிக்கை வெறுமையாகி, மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ‘-1’ என்று காட்டக்கூடும். அப்படிப்பட்டவர்கள் முதலிலேயே பெரிய கடன் கேட்காமல், வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரப்படும் கிரெடிட் கார்டில் தொடங்குவது என் கணிப்பில் மிகப் பாதுகாப்பான வழி. வங்கிக்கு இழப்பு வராது என்பதால் பழைய வரலாற்றை அதிகம் துருவமாட்டார்கள். 20,000 ரூபாய் வரம்புள்ள கார்டில், பில் தயாராகும் நாளன்று 6,000 ரூபாய்க்கு மேல் நிலுவை நிற்காதபடி பார்த்துக்கொண்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டாமல் முழுத் தொகையையும் கெடுவுக்கு முன்பே கட்டிவர வேண்டும். நகைக்கடனும் எளிதில் கிடைக்கும்தான். ஆனால் ஆண்டு முடிவில் வட்டியோடு மொத்தமாகத் திருப்பும் கடனைவிட, மாதத் தவணையாகக் கட்டும் கடனே ஒழுங்காகக் கட்டியதற்கான தடத்தை மாதாமாதம் பதியும்.

ஆறு மாதம் அப்படி ஓடிய பின், சம்பளமோ வியாபார வரவோ வழக்கமாக வந்து விழும் வங்கியில் முதல் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். வரவு செலவை அவர்கள் நேரடியாகப் பார்க்க முடியும் என்பது உங்களுக்குச் சாதகம். பழைய கடன் கெட்ட வங்கியைத் தவிர்ப்பதே உத்தமம், ஏனெனில் அறிக்கை சுத்தமானாலும் அவர்களுடைய உள்பதிவேட்டில் கதை அழியாமல் இருக்கும். ஒரே வாரத்தில் நான்கைந்து இடங்களில் விண்ணப்பித்தால் உங்கள் அறிக்கையை ஒவ்வொருவரும் கேட்டுப் பார்த்த விசாரணையும் அறிக்கையில் ஏறி, பணத்துக்குத் தவிக்கிறார் என்ற எண்ணத்தையே உண்டாக்கும். உங்கள் ஆவணங்களை வாங்கிக்கொண்டு பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிடும் முகவர்களிடம் இந்தக் காரணத்துக்காகவே எச்சரிக்கை தேவை.

‘முன்பு கடன் தவறியதுண்டா’ என்ற கேள்வி படிவத்தில் இருந்தால், தவறுதலாக ஏறிய பதிவு நீங்கியவர் தயங்காமல் ‘இல்லை’ என்று எழுதலாம். தாமதமாக அடைத்தவர் உண்மையைச் சொல்லி, தீர்வுச் சான்றிதழின் நகலையும் வேலையிழப்பு, மருத்துவச் செலவு போன்ற காரணத்தை நாலு வரியில் கூறும் கடிதத்தையும் இணைப்பது நல்லது. ரிசர்வ் வங்கி குறைந்தபட்ச மதிப்பெண் என்று எதையும் வகுக்கவில்லை. அது ஒவ்வொரு வங்கியின் கொள்கையைப் பொறுத்தது. எனவே நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அதைச் சரிசெய்யாமல் அடுத்த வங்கிக்குப் போகாதீர்கள்.

கடன் கிடைத்துவிட்டால், கையெழுத்துக்கு முன் தரப்படும் முக்கிய விவரப் படிவத்தில் ஆண்டு வட்டியோடு செயல்முறைக் கட்டணமும் காப்பீட்டுக் கட்டணமும் சேர்ந்த மொத்தச் செலவைப் பார்த்து, தவணைத் தேதியைச் சம்பளம் வரும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் பின்னே வைக்கச் சொல்லுங்கள். வங்கிகள் குறைந்தது மாதம் இருமுறை விவரம் அனுப்புவதால், இரண்டாவது தவணை முடிவதற்குள் புதிய கணக்கு அறிக்கையில் ஏறியிருக்கும்; தொகையும் தேதியும் சரியாக ஏறியுள்ளனவா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.