புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு தாம்பத்தியம் திரும்பிய விதம்

புற்றுநோய்க்காக புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்த பிறகு எனக்கு விறைப்பு அறவே வரவில்லை. சுரப்பியின் இருபுறமும் ஒட்டிச் செல்லும் நரம்புகள்தான் விறைப்பைத் தூண்டுபவை. அவற்றை வெட்டாமல் காப்பாற்றியிருந்தாலும், இழுபட்ட நரம்பு தெளிய 18 முதல் 24 மாதம்கூட ஆகலாம் என்றார் டாக்டர். இதை அறுவைக்கு முன்பே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். தெரியாததால்தான் பலர் மனமுடைந்து போகிறார்கள்.

டாக்டர் எழுதித் தந்தது விறைப்புக்கு உதவும் டடாலஃபில் மாத்திரை, தினமும் 5 மி.கி. (நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.) அது மட்டும் எனக்குப் போதவில்லை. பெரிய உதவி வாக்குவம் பம்ப்தான். குழாயை ஆணுறுப்பின் மேல் பொருத்திக் காற்றை உறிஞ்சினால் ரத்தம் உள்ளே வரும். அடியில் ரப்பர் வளையம் மாட்டினால் விறைப்பு நிற்கும். வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்றிவிட வேண்டும். அடிப்பகுதி முடியை மழித்து, ஜெல்லைத் தாராளமாகத் தடவினால்தான் காற்று கசியாது. அவசரப்பட்டு பம்ப் அடித்தால் வலிக்கும்.

உச்சம் வரும், விந்து வராது. சிலசமயம் சிறுநீர் சொட்டும். முன்னதாகவே போய்விட்டு வந்தால் சரி. மனைவியிடம் இதையெல்லாம் வாய்விட்டுப் பேசியது மருந்துக்கு இணையான வேலை செய்தது. விறைப்பு இல்லாத காலத்திலும் தொடுவதையும் அணைத்துக்கொள்வதையும் நாங்கள் விடவில்லை.

இப்போது பெரும்பாலும் மாத்திரையே போதும், முடியாத நாளில் பம்ப். அதுவும் பலிக்காதவர்களுக்கு ஆணுறுப்பிலேயே போடும் ஊசி உண்டு. அதைப் போட்டு விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.