தொப்பூர் ஏத்தத்துல டெம்பரேச்சர் லைட் எரிஞ்சா: நிஜமாவே சூடா, இல்ல வயர் கோளாறா?

சேலத்துல இருந்து தர்மபுரி வர்றப்ப தொப்பூர் கணவாய் ஏத்தத்துல எனக்கு ரெண்டு தடவ டெம்பரேச்சர் முள்ளு சிவப்பு கோட்டுக்கு போயிருச்சு, ஓரங்கட்டி பாத்தா ஆவி இல்ல, கூலன்ட் வாசன இல்ல, ஃபேன் பாட்டுக்கு ஓடுது. ஒரு ஒர்க்‌ஷாப்ல ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடில இருக்க சீல்) போயிருச்சு, ஹெட்ட இறக்கணும்னு சொல்லிட்டாங்க. கடைசில பாத்தா டெம்பரேச்சர் சென்சார்ல வயர் சொருகற கப்ளர் உள்ள பச்சையா களிம்பு பூத்து கெடந்துச்சு, அவ்ளோதான்.

ஆனா லைட் எரிஞ்சா மொதல்ல நிஜம்னே நெனச்சுக்கோங்க. வளைவுல நிறுத்தாம இடம் பாத்து ஒதுங்கி ஏசிய ஆஃப் பண்ணி, இன்ஜின ஆஃப் பண்ணி அரைமணி நேரமாச்சும் ஆற விடுங்க, ரேடியேட்டர் மூடிய சூட்டுல தொறக்கவே தொறக்காதீங்க, உள்ள பிரஷர்ல இருக்கறதால 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம நிக்கிற தண்ணி மூடிய தொறந்த உடனே மூஞ்சில அடிக்கும். ஆறினதும் கூலன்ட் லெவல் பாருங்க. கூலன்ட் சுத்தமா இறங்கிட்டா சென்சார் காத்துல தொங்கிட்டு இருக்கும், அப்ப முள்ளு கம்மியா கூட காட்டும், அதனால முள்ள மட்டும் நம்பி வண்டி எடுத்துறாதீங்க.

லெவல் சரியா இருக்கா, இப்ப முள்ளு எப்டி ஏறுச்சுன்னு யோசிங்க. நிஜமா சூடானா கொஞ்சம் கொஞ்சமா, நிமிஷக் கணக்குல ஏறும். ஒரே செகண்ட்ல நடுவுல இருந்து சிவப்புக்கு குதிச்சு, குழில இறங்கினா திரும்ப இறங்குதுன்னா வயரோ கப்ளரோதான் கோளாறு. ஹெட்லைட் போட்டா முள்ளு ஏறுது, அணைச்சா இறங்குதுன்னா எர்த் (கரண்ட் பாடி வழியா பேட்டரிக்கு திரும்பற இணைப்பு) சரியில்ல, எர்த் போல்ட்ட கழட்டி துரு போக தேய்ச்சு இறுக்குங்க. வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள்ல இருந்து பிரச்சனன்னா கப்ளர்ல தண்ணி ஏறிருக்கும்.

உறுதி பண்ண கார்ல சொருகற ஒரு ப்ளூடூத் ஓபிடி (OBD) ஸ்கேனர் வாங்கி வச்சுக்கோங்க, ஸ்டியரிங்குக்கு கீழ இருக்க 16 பின் சாக்கெட்ல சொருகினா போன்லயே கூலன்ட் டிகிரி தெரியும். ஓடறப்ப 85ல இருந்து 105 வரைக்கும்னா பெரும்பாலான வண்டிக்கு நார்மல். ஆனா சென்சாரே பொய் சொன்னா ஸ்கேனரும் அதே பொய்யத்தான் காட்டும், அதுக்கு காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவி மட்டும் போட்டு கூலன்ட் டிகிரியயும் இன்டேக் காத்து (இன்ஜின் உள்ள இழுக்கற காத்து) டிகிரியயும் பாருங்க, ராத்திரி பூரா நின்ன வண்டில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ஒண்ணு 24, இன்னொண்ணு 60ன்னா சென்சார் காலி.

மல்டிமீட்டர் இருந்தா சென்சார கழட்டி அளந்தே பாத்துரலாம். பெரும்பாலான சென்சார் சாதாரண சூட்டுல 2000ல இருந்து 3000 ஓம் காட்டும், சுடுதண்ணில முக்குனா சீரா கொறஞ்சு 80 டிகிரி பக்கம் 200, 300 ஓம்க்கு வரணும். நடுவுல குதிச்சா மாத்திருங்க. கப்ளர் மட்டும்தான் கெட்டுருக்குன்னா காண்டாக்ட் க்ளீனர் அடிச்சு, அதுல இருக்க பின்-ன லேசா இறுக்கி போட்டாலே போதும். ஒத்த வயர் சென்சார்ல மரைல டெஃப்லான் டேப் நெறைய சுத்தாதீங்க, சென்சாரோட உலோக பாடி வழியாத்தான் அதுக்கு எர்த்தே கெடைக்குது.

நம்ம ஊர் போர் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தற பழக்கத்த விட்டுருங்க, தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் தண்ணி ரொம்ப உப்பு, உள்ள படிஞ்சு கொஞ்ச நாள்ல பொய் வார்னிங் நிஜ வார்னிங்கா மாறிரும். கூலன்ட், இல்ல டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட்தான்.

சென்சார் மாத்துனா கூலன்ட்ல மாட்டுன காத்து போக விட்டு, கூலன்ட் டாப்அப் பண்ணி, ஃபேன் ரெண்டு தடவ ஓடி நிக்கற வரைக்கும் நின்ன எடத்துலயே இன்ஜின ஓட விடுங்க. அப்புறம் பாலக்கோடு வரைக்கும் ஸ்கேனரோட ஒரு ரவுண்டு போயிட்டு வந்துட்டு, அதுக்கப்புறம் தொப்பூர் ஏறுங்க.