கத்சுரா மாளிகைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானின் கியோட்டோ நகரத்தில், மேற்கே கத்சுரா ஆற்றங்கரையில் இருக்கும் அரச மாளிகை இது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளவரசர் தோஷிஹிதோ தொடங்கியதை அவர் மகன் தோஷிததா விரிவாக்கினார். கியோட்டோவின் கோயில்களுக்குப் போவதுபோல நினைத்த நேரத்தில் போய் வாசலில் டிக்கெட் வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பலர். இங்கே குறித்த நேரத்தில், வழிகாட்டியோடு, சிறு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். பேரரசர் குடும்ப அலுவல்களைப் பார்க்கும் அரசுத் துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட் கட்டாயம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.

இறங்க வேண்டியது ஹான்க்யூ என்ற தனியார் ரயிலின் கத்சுரா நிலையத்தில். அங்கிருந்து சுமார் 20 நிமிட நடை. ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாதையில் கத்சுராகவா என்று வேறொரு நிலையம் இருக்கிறது. பெயரைப் பார்த்து அங்கே இறங்கினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

உள்ளே போனதும் அறைகளைச் சுற்றிப் பார்க்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். முக்கியக் கட்டடங்களை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். ஷோகிந்தெய் தேநீர்க் குடிலின் நீல வெள்ளைக் கட்டம் போட்ட சுவர்கூட வெளியே நின்றபடியே தெரியும். ஏமாற்றமாக இருக்கிறதா? இங்கே பார்க்க வேண்டியதே தோட்டம்தான்.

அதிலும் பலர் கோட்டை விடுவது, குளம் எங்கே என்று தேடிக்கொண்டே நடப்பதில். தொடக்கத்திலேயே வேலிகளுக்கு நடுவே ஒரு குட்டிப் பாதை, அதன் முனையில் ஒரு பைன் மரம் குளத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். எட்டி எட்டிப் பார்த்துப் பயனில்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள், முழுக் குளத்தையும் ஒரே பார்வையில் கொடுத்துவிடக் கூடாது என்று. கால் வைக்கும் கற்களிலும் இதே சூட்சுமம் உண்டு. மேடுபள்ளமான இடத்தில் கண் தானாகக் கீழே போகும். அகலமான கல் வந்ததும் நின்று நிமிர்ந்தால் காட்சி மாறியிருக்கும். போனைப் பிடித்தபடி நடந்தால் இது எதுவும் பிடிபடாது, சறுக்கி விழவும் வாய்ப்புண்டு. மழை நாளில் குதிகால் செருப்பு வேண்டவே வேண்டாம். படம் எடுப்பதற்காகப் பாசியில் கால் வைக்காதீர்கள். கறுப்புக் கயிறு கட்டிய சிறு கல்லைப் பார்த்தால், அதைத் தாண்டிப் போகக் கூடாது என்று அர்த்தம்.

அப்புறம், அதே நாளில் கியோட்டோவின் இன்னொரு அரச மாளிகையான சுகாகுயினையும் முடித்துவிடத் திட்டமிடாதீர்கள். அது நகரத்தின் வடகிழக்கு மூலையில் மலையடிவாரத்தில் இருக்கிறது. உள்ளே நடை மட்டும் சுமார் 3 கிலோமீட்டர், ஏற்றத்தோடு. முழங்கால் வலி உள்ளவர்கள் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவது நல்லது.