மாடித் தொட்டி நிறையவில்லையா? மோட்டார் வாங்கும் முன் பைப்பைப் பாருங்கள்

ரங்கூனில் கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் மாடித் தொட்டி நிறைந்தாக வேண்டும். நிறையாவிட்டால் பலரும் என்னிடம் பெரிய மோட்டார் கேட்கிறார்கள். நான் முதலில் பிரஷர் கேஜைத்தான் (பைப்புக்குள் அழுத்தத்தைக் காட்டும் கருவி) எடுப்பேன்.

ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ரிட்டர்ன் வால்வுக்கு மேலே அதை மாட்டுங்கள். பைப்பில் தண்ணீர் நிறைந்து நிற்க, மோட்டார் ஓடாதபோது ஓர் அளவு, ஓடும்போது ஓர் அளவு குறித்துக்கொள்ளுங்கள். தொட்டி 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் முதலாவது சுமார் 1.2 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டும். ஓடும்போது 2.2 என்றால், அந்த 1 பார் முழுக்க உரசலிலும் வளைவுகளிலும் போகிறது. இன்னொரு 10 மீட்டர் உயரம் ஏற்றுகிற சக்தி அது! மனசு கேட்காது எனக்கு.

பெரும்பாலும் குற்றவாளி பைப்பின் விட்டம்தான். உள்விட்டம் 25 மி.மீ. இருந்தால் 32 ஆக்குங்கள். அதே ஓட்டத்துக்கு உரசல் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். 40 என்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

அப்புறம் வால்வு. 25 மி.மீ. லைனில் குளோப் வால்வு (உள்ளே தண்ணீர் வளைந்து போகும் வகை) முழுக்கத் திறந்திருந்தாலும் சுமார் 8 மீட்டர் நேர் பைப் அளவுக்குத் தடுக்கும். பால் (ball) வால்வு, அதாவது துளையுள்ள உருண்டை திரும்பித் திறக்கும் வகை, போடுங்கள். எல்போ (வளைவுத் துண்டு) ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் நேர் பைப் அளவுக்குத் தடுக்கும்.

உறிஞ்சும் பக்கத்துப் பைப்பை மட்டும் மோட்டார் வாயைவிடச் சிறிதாக்கவே கூடாது. அங்கே அழுத்தம் மிகவும் குறைந்தால் தண்ணீரில் ஆவிக்குமிழ்கள் தோன்றி, அவை உடையும்போது இம்பெல்லரை (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) அரித்துவிடும்.