மணற்கல் வலிமைச் சோதனை: 'நனைந்த மாதிரி' என்று மட்டும் எழுதுவதில் உள்ள தவறுகள்

உலர்ந்த மணற்கல்லைவிட நனைந்த மணற்கல் எளிதில் உடையும் என்பது பாறை இயக்கவியல் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த நீரில் நனைத்தீர்கள் என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை.

முதல் தவறு, நீரின் அழுத்தத்தையும் நீரின் வேதியியலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. மொத்தத் தகைவிலிருந்து (ஓரலகுப் பரப்பில் தாங்கும் விசை) துளைகளில் உள்ள நீரின் அழுத்தத்தைக் கழித்து, மணிகள் உண்மையில் தாங்கும் பயனுறு தகைவைக் காணும், மண் இயக்கவியல் அறிஞர் டெர்சாகியின் கோட்பாட்டில், துளையில் இருப்பது நீரா எண்ணெயா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் 1965இல் கோல்பேக், வீட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தென்னாப்பிரிக்கக் குவார்ட்ஸ் மணற்கல்லைச் சோதித்தபோது, நீரால் நிறைவுற்ற மாதிரியின் அழுத்த வலிமை (நசுக்கும் சுமையைத் தாங்கும் திறன்) உலர்ந்ததில் ஏறத்தாழப் பாதியாக இருந்ததோடு, ஊறவைத்த திரவத்தின் பரப்பு இழுவிசை கூடக் கூட வலிமை குறைவதையும் கண்டார்கள். இது அழுத்தத்தால் மட்டும் வருவதில்லை. அழுத்தத்தின் விளைவையும் வேதியியலின் விளைவையும் பிரித்தறிய விரும்புபவர், நீர் வடிய வழிவிட்டு மெதுவாகச் சுமையேற்ற வேண்டும். அதே துளை அழுத்தத்தில் பாறையோடு வினைபுரியாத எண்ணெய் நிரப்பிய மாதிரி ஒன்றையும் உடைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் 'பாதி' என்ற கணக்கை எல்லா மணற்கல்லுக்கும் பொருத்துவதும் தவறு. 1992இல் ஹாக்கின்ஸ், மெக்கானல் இருவரும் பிரிட்டனின் 35 மணற்கற்களைச் சோதித்து வெளியிட்ட முடிவுகளில், வலிமை இழப்பு சுமார் 8 விழுக்காட்டிலிருந்து 78 விழுக்காடு வரை பரவியிருந்தது. சிலிக்கா மிகுந்தவை குறைவாகவும் களிமண் மிகுந்தவை கூடுதலாகவும் இழந்தன. மணிகளைப் பிணைத்திருக்கும் பொருள் எதுவென்று நுண்ணோக்கியில் பார்க்காமல் விழுக்காட்டை மட்டும் கடன் வாங்குவதால் பயனில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது, காய்ச்சி வடித்த நீரை நடுநிலையான திரவம் என்று எண்ணிக்கொள்வது. கையருகில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலும் வேறு காரணம் இருப்பதில்லை. நிலத்தடியில் நெடுங்காலம் உப்புநீரோடு சமநிலையில் இருந்த பாறைக்கு அது முற்றிலும் அந்நியமான திரவம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துப் பெரியா மணற்கல்லில் சோடியம் குளோரைடு கரைசலைச் செலுத்திவிட்டு உடனே நன்னீருக்கு மாற்றினால், துளைச்சுவர்களில் ஒட்டியிருந்த களிமண் துகள்கள் பெயர்ந்து குறுகலான வழிகளை அடைத்து, ஊடுபுகுதிறன் (திரவத்தைத் தன் வழியே செல்லவிடும் திறன்) சரிந்துவிடுகிறது. உப்பு குறையும்போது துகளுக்கும் சுவருக்கும் இடையிலான மின்விலக்கம் ஓங்குவதே காரணம். அதே களிமண் மணிகள் தொடும் இடங்களிலும் இருந்தால், அங்குள்ள பிடிப்பும் தளரும். பாறையில் நீரை உறிஞ்சி வீங்கும் களிமண் வகையான ஸ்மெக்டைட் இருந்தால் வீக்கமும் சேர்ந்துகொள்ளும். பொட்டாசியம், கால்சியம் அயனிகள் இவற்றை அடக்குவதால், மொத்த உப்பின் அளவை மட்டுமல்லாமல் எந்த அயனி எவ்வளவு என்பதையும் குறித்து வைக்க வேண்டும். இயன்றவரை பாறை எடுத்த இடத்தின் நீரையோ அதே சேர்மானத்தில் கலந்த நீரையோ பயன்படுத்த வேண்டும்.

அமிலம் மட்டுமே பாறையைக் கெடுக்கும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. கால்சைட்டால் (கால்சியம் கார்பனேட் கனிமத்தால்) பிணைந்த மணற்கல்லுக்கு அது பொருந்தும். குவார்ட்ஸோ காரக் கரைசலில்தான் விரைவாகக் கரைகிறது. விரிசல் முனையில் இழுபட்டு நிற்கும் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை நீர் மூலக்கூறு பிளப்பதும் காரச் சூழலில் விரைவாகிறது. கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் மதிப்பைத் தொடக்கத்தில் மட்டும் அளப்பது இதோடு சேர்ந்த பிழை. சிறிதளவு கால்சைட் இருந்தாலே அமிலம் செலவழிந்து, கரைசல் நடுநிலையை நோக்கி நகர்ந்துவிடும்.

இந்த விரிசல் வளர்ச்சிக்கு நேரமும் வேண்டும். சில நிமிடங்களில் உடைக்கப்படும் மாதிரி, மாதக்கணக்கில் சுமை தாங்கும் பாறையின் நிலையைக் காட்டாது.

கடைசியாக, உலர்த்துவது. உப்புநீரில் ஊறிய மாதிரியை அப்படியே 105 பாகை செல்சியஸ் அடுப்பில் வைத்தால் நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். உலர் எடை கூடுவதால் கணக்கிடும் துளைமை (பாறையில் துளைகளின் பங்கு) குறைந்து தெரியும். படிகங்கள் மணிகளைப் பிடித்து நிறுத்தலாம், வளரும்போது விரிசலும் உண்டாக்கலாம். படிகத்திலேயே நீரைக் கொண்ட ஜிப்சம் இருந்தால் அந்த வெப்பத்தில் தன் நீரையும் இழக்கும். உப்பைக் கழுவ நன்னீரை ஊற்றினால் பெரியா மணற்கல்லுக்கு நேர்ந்ததே இங்கும் நேரக்கூடும் என்பதால், எண்ணெய்த் துறை ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்வதுபோல மெத்தனாலால் கழுவிவிட்டு, குறைந்த வெப்பத்தில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துவது நல்லது.