மட்டி ஓட்டைப் பிரிக்காதீர்கள்: தேறிய அயன் சமன்பாடு எழுதும் முறை

தேறிய அயன் சமன்பாடு என்பது தாக்கத்தில் உண்மையில் மாறுபவற்றை மட்டும் காட்டும் சமன்பாடு. அதில் பிள்ளைகள் மாட்டுப்படுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: எதை அயனாக (ஏற்றமுள்ள துணிக்கையாக) பிரிப்பது, எதை அப்படியே விடுவது. குறியீடுகளைக் கொப்பியில் போட்டுக்கொள்ளுங்கள்; இங்கே பெயராலேயே எழுதுகிறேன்.

முதலில் இலகுவானது. நிலாவெளி உப்பு ஒரு சிட்டிகையைக் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். (குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரைட்டு இருக்கும்.) வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இரண்டு துளி விட்டால், தயிர் திரண்டதுபோல வெள்ளை வீழ்படிவு (கரையாமல் பிரியும் திண்மம்) வரும்.

சோடியம் குளோரைட்டு + வெள்ளி நைத்திரேற்று → வெள்ளி குளோரைட்டு + சோடியம் நைத்திரேற்று

கரைந்திருக்கும் உப்புகளை அயன்களாகப் பிரியுங்கள். வீழ்படிவைத் தொடாதீர்கள். சோடியமும் நைத்திரேற்றும் இரு பக்கமும் மாறாமல் நிற்கும் பார்வையாளர்கள், வெட்டிவிடுங்கள்.

வெள்ளி⁺ + குளோரைட்டு⁻ → வெள்ளி குளோரைட்டு (திண்மம்)

சரி, இப்போது கடற்கரையில் பொறுக்கிய மட்டி ஓடு. அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. பவளமும் அதுதான், ஆனால் அதற்காகப் புறாத்தீவில் கைவைக்காதீர்கள், அது தேசியப் பூங்கா! ஓட்டின்மேல் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரைத்துக்கொண்டு வாயு கிளம்பும். பிரிக்க முன்னர் முழுச் சமன்பாட்டைச் சமப்படுத்துங்கள்:

கல்சியம் காபனேற்று + 2 ஐதரோகுளோரிக் அமிலம் → கல்சியம் குளோரைட்டு + நீர் + காபனீரொட்சைட்டு

இங்கேதான் கை துருதுருக்கும். பெயரில் உலோகம் இருக்கிறதே என்று காபனேற்றையும் பிரித்துவிடுவார்கள். கடலிலேயே கிடந்து கரையாத ஓடு, உங்கள் முகவையில் தானாக அயனாகிவிடுமா? திண்மம் திண்மமாகவே நிற்கட்டும். நீரும் வாயுவும் அப்படியே. ஐதரோகுளோரிக் அமிலம் வன்னமிலம், நீரில் முழுதாக அயனாகிவிடும்; இடப்பக்கம் அதை மட்டும் பிரியுங்கள், வலப்பக்கம் கரைந்திருக்கும் கல்சியம் குளோரைட்டையும். பிறகு குளோரைட்டை வெட்டினால்:

கல்சியம் காபனேற்று (திண்மம்) + 2 ஐதரசன்⁺ → கல்சியம்²⁺ + நீர் + காபனீரொட்சைட்டு

அணுக்களை எண்ணியதோடு விட்டுவிடாதீர்கள், ஏற்றத்தையும் கூட்டிப் பாருங்கள். இரு பக்கமும் +2. அந்த 2 விடுபட்டிருந்தால் இங்கே பிடிபடும்.

அப்புறம், அதே ஓட்டில் வினாகிரி விட்டால்? அதிலுள்ள அசற்றிக் அமிலம் மென்னமிலம். பெரும்பாலான மூலக்கூறுகள் பிரியாமலே கிடக்கும். ஆகவே முழுதாகவே எழுத வேண்டும்:

கல்சியம் காபனேற்று (திண்மம்) + 2 அசற்றிக் அமிலம் → கல்சியம்²⁺ + 2 அசற்றேற்று⁻ + நீர் + காபனீரொட்சைட்டு

இதில் வெட்ட ஒன்றுமே இல்லை. தேடித் தேடி எதையாவது வெட்டாதீர்கள். ஏற்றம் இடப்பக்கம் பூச்சியம். வலப்பக்கம் +2, −2, அதுவும் பூச்சியம்.